சேற்றில் சுழலும் சக்கரம்

மாணவ நண்பர்களே, ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

வெள்ளம் வடிந்து இரண்டு நாட்கள் ஆகின்றன. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றுக்கு அரிசி மூட்டைகளையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய லாரி கிளம்புகிறது. தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிறது. கொஞ்ச தூரம் போனதும் லாரியின் இடது பின்சக்கரம் பாதையோரச் சேற்றில் இறங்கிவிடுகிறது. வலது பின்சக்கரம் கெட்டியான தரையில்தான் நிற்கிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் உறுமுகிறது. இடது சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு விர்ரென்று சுழல்கிறது. வலது சக்கரமோ அசையாமல் நிற்கிறது! லாரி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

எஞ்சினில் சக்திக்குக் குறைவில்லை. ஒரு சக்கரத்தின் கீழே நல்ல தரையும் இருக்கிறது. ஆனால் உதவாத சக்கரம் சுழல்கிறது; உதவக்கூடிய சக்கரம் சும்மா நிற்கிறது. இது என்ன விந்தை?

இந்த விந்தையைச் செய்வது பின் அச்சின் நடுவே, பூசணிக்காய் போலப் புடைத்த இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் ஒரு பல்சக்கர அமைப்பு. அதற்கு ‘டிஃபரன்ஷியல்’ என்று பெயர். தமிழில் ‘வேகவேறுபாட்டுப் பல்லிணை’ எனலாம். நல்ல சாலையில் இது வண்டிக்கு உற்ற நண்பன். சேற்றிலும் பாறையிலும் இதுவே வண்டியின் காலை வாரிவிடுகிறது. ஆகவே, சாலையில்லாத இடங்களில் ஓடும் லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் பொறியாளர்கள் பலவிதச் சிறப்பு டிஃபரன்ஷியல்களை அமைத்திருக்கிறார்கள். நம் லாரிக்கு அவற்றுள் எது பொருந்தும்? கணக்குப் போட்டே கண்டுபிடிப்போம், வாருங்கள்.

வளைவில் வரும் சிக்கல்

முதலில் டிஃபரன்ஷியல் ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். உட்சக்கரம் 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒருமுறை சுற்றி வந்தால் 37.68 மீட்டர் ஓடியிருக்கும். வெளிச்சக்கரத்தின் வட்ட ஆரம் 7.5 மீட்டர், அது 47.10 மீட்டர் ஓடியிருக்கும். வேறுபாடு 9.42 மீட்டர். உட்சக்கரத்தின் ஆரத்தை 60 மீட்டராக வைத்தும் கணக்கிட்டுப் பாருங்கள். அப்போதும் வேறுபாடு அதே 9.42 மீட்டர்தான்! வட்டம் சிறியதோ பெரியதோ, ஒரு முழுச் சுற்றுக்கு இந்த வேறுபாடு மாறுவதில்லை.

மாட்டு வண்டியில் இதனால் தொல்லை இல்லை. அதன் அச்சு சுழல்வதில்லை. இரு சக்கரங்களும் அச்சின் முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன. இழுப்பது மாடுகள், சக்கரங்களை யாரும் சுழற்றுவதில்லை. ஆனால் மோட்டார் வண்டியில் எஞ்சின்தான் சக்கரங்களைச் சுழற்ற வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிச் சுழற்றினால், ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். டயர் வீணாகும், தண்டு முறுக்கேறி உடையவும் கூடும்.

இரண்டையும் சுழற்ற வேண்டும், ஆனால் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விட வேண்டும். இதற்கான பல்சக்கர அமைப்புக்கு 1827ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக் கடிகாரக் கலைஞர் ஓனெசிஃபோர் பெக்கூர் காப்புரிமை பெற்றார். அவர் அதை அமைத்தது நீராவி வண்டிக்காக. இன்றைய லாரியின் பின் அச்சில் இருப்பதும் அடிப்படையில் அதுவே.

கூண்டுக்குள் என்ன நடக்கிறது?

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு ‘கிரவுன்’ என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு ஒரு கூண்டு இணைந்திருக்கிறது. கூண்டுக்குள் குறுக்கே செருகிய ஊசியில் சின்னப் பல்சக்கரங்கள் இருக்கின்றன. பட்டறைகளில் இவற்றை ‘ஸ்டார் பினியன்’ என்பார்கள். இவற்றின் இருபுறமும் பல்லோடு பல் பொருந்தி இரண்டு பக்கச் சக்கரங்கள். ஒன்றிலிருந்து இடது சக்கரத்துக்கும், மற்றொன்றிலிருந்து வலது சக்கரத்துக்கும் ஆக்சில் தண்டுகள் போகின்றன.

நேர்ச்சாலையில் ஸ்டார் பினியன்கள் தம் ஊசியின் மேல் சுழல்வதில்லை. கூண்டோடு சேர்ந்து சுற்றி, இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டு போகின்றன. வளைவில் ஒரு பக்கம் மெதுவானால், ஸ்டார் பினியன்கள் ஊசியின் மேலும் உருளத் தொடங்குகின்றன. ஒரு பக்கம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மறுபக்கம் கூடுகிறது. கூண்டு நிமிடத்துக்கு 100 சுற்றுச் சுற்றும்போது இடது சக்கரம் 90 சுற்றானால் வலது சக்கரம் 110 சுற்று. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 200.

அப்படியானால் வலது சக்கரம் 0 சுற்று என்றால்? இடது சக்கரம் 200 சுற்று! சேற்றில் சிக்கிய லாரியில் நடப்பது இதுதான். நின்ற இடத்திலேயே வேகமானி 40 கிலோமீட்டர் காட்டினால், சேற்றிலுள்ள சக்கரம் உண்மையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாகச் சுழல்கிறது. அருகில் நிற்பவர்கள் விலகி நிற்பது நல்லது!

நுகத்தடி தரும் விளக்கம்

வேகம் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துவிட்டது. விசை எப்படிப் பிரிகிறது? அங்கேதான் முழு ரகசியமும் இருக்கிறது.

இரட்டை மாடு பூட்டிய ஏரைப் பார்த்திருப்பீர்கள். நுகத்தடியின் நடுவில் ஏர்க்காலைக் கட்டியிருப்பார்கள். ஒரு மாடு சற்று முந்தினால் நுகத்தடி சாய்ந்து இடம் கொடுக்கிறது. ஆனால் நெம்புகோல் விதிப்படி, கட்டு நடுவில் இருக்கும் வரை இரு முனைகளிலும் இழுவை சமமாகவே இருக்க வேண்டும். ஒரு மாடு இழுக்காமல் நின்றுவிட்டால், மற்ற மாடு எவ்வளவு முயன்றாலும் நுகத்தடிதான் சாயும், ஏர் நகராது. ஸ்டார் பினியன் இந்த நுகத்தடி போன்றது. இரு பக்கங்களுக்கும் அது எப்போதும் சமமான முறுக்கு விசையையே கொடுக்கும். சேற்றிலுள்ள சக்கரம் சிறிதளவு விசையைத்தான் தாங்கும். அதற்குமேல் கொடுத்தால் வழுக்கிவிடும். ஆகவே கெட்டியான தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சிறிதளவுதான் கிடைக்கிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று தீப்பெட்டிகளில் மணல் நிரப்புங்கள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி ஒரே பெட்டியாக்குங்கள். 30 செ.மீ. மர அளவுகோலின் இடது முனையில் ஒற்றைப் பெட்டியையும், வலது முனையில் இரட்டைப் பெட்டியையும் சம நீளமுள்ள நூல்களால் கட்டி மேசைமேல் வையுங்கள். அளவுகோலின் நடுவில், அதாவது 15 செ.மீ. கோட்டில், மூன்றாவது நூலைக் கட்டி மெதுவாக இழுங்கள். என்ன நடக்கிறது? ஒற்றைப் பெட்டி மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது. இரட்டைப் பெட்டி அசைவதில்லை. அளவுகோல் சாய்கிறது. நம் லாரியின் கதை உங்கள் மேசைமேல்! அளவுகோலை எடுத்து வைத்துவிடாதீர்கள், மறுபடியும் தேவைப்படும்.

லாரிக்கு ஒரு கணக்கு

பாரத்தோடு நம் லாரியின் எடை 3,000 கிலோ. பின் அச்சின்மேல் 2,000 கிலோ. அதாவது ஒவ்வொரு பின்சக்கரத்தின்மேலும் 1,000 கிலோ. எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றுகிறது. விசைகளையும் கிலோ எடையிலேயே சொல்வோம்.

சேற்றில் உராய்வுக் குணகம் 0.1 என்று கொள்வோம். இடது சக்கரம் தாங்கும் விசை 100 கிலோ. கெட்டியான மண்ணில் 0.6 என்றால், வலது சக்கரம் தாங்கக்கூடியது 600 கிலோ. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் சமமாகத்தானே கொடுக்கும்? ஆகவே கிடைப்பது 100 + 100 = 200 கிலோ.

சேற்றுப் பாதையில் லாரியை நகர்த்த அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 கிலோ விசை வேண்டும் எனக் கொள்வோம். இருப்பது 200, தேவை 300. லாரி நிற்கிறது. எஞ்சின் 50 குதிரைத்திறனோ 500 குதிரைத்திறனோ, இந்தக் கணக்கு மாறாது என்பதைக் கவனியுங்கள். குறை எஞ்சினில் இல்லை. வலது சக்கரத்தின் கீழே 500 கிலோ பிடிப்பு பயன்படாமல் கிடக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவதற்குத்தான் பொறியாளர்கள் பல வழிகளைக் கண்டார்கள்.

முதல் வழி: பூட்டிவிடுவது

அளவுகோலின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, சாயவிடாமல் இழுங்கள். இரு பெட்டிகளும் சேர்ந்தே வருகின்றன. டிஃபரன்ஷியலிலும் இப்படிச் செய்யலாம். ஒரு பக்கச் சக்கரத்தைக் கூண்டோடு பல்லிட்டுப் பூட்டிவிட்டால் ஸ்டார் பினியன் உருள முடியாது. இரு சக்கரங்களும் ஒரே தண்டாகிவிடும். நம் கணக்கில் 100 + 600 = 700 கிலோ! தேவை 300தான். பாதை பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மேலேறினால் இன்னும் 300 கிலோ வேண்டும்; மொத்தம் 600. அப்போதும் லாரி ஏறிவிடும்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஜெர்மனியின் ‘யூனிமோக்’ வண்டி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழவர்களுக்காக ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். முதல் மாதிரி வண்டி 1946இல் ஓடியது. அதன் சக்கர இடைவெளி 1,270 மில்லிமீட்டர்; உருளைக்கிழங்குச் செடி வரிசைகள் இரண்டின் அகலம் அது. வெறும் 25 குதிரைத்திறன் எஞ்சினோடு உற்பத்திக்கு வந்த அந்த வண்டி உழுத வயல்களில் தடுமாறாமல் போனதற்கு, நான்கு சக்கரங்களும் இயங்கியதோடு முன், பின் அச்சுகளில் இருந்த டிஃபரன்ஷியல் பூட்டுகளும் காரணம். மண்ணும் கல்லும் ஏற்றும் டிப்பர் லாரிகள் பலவற்றிலும் இத்தகைய பூட்டு இருக்கிறது. ஓட்டுநர் ஒரு விசையைத் தட்டினால் காற்றழுத்தம் பூட்டைத் தள்ளிப் பொருத்தும்.

பூட்டு இவ்வளவு நல்லதென்றால் எப்போதும் பூட்டியே வைத்தால் என்ன? மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, திருப்பம். பூட்டிய வண்டி வளைவில் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். காய்ந்த சாலையில் டயர்கள் வழுக்கிக் கொடுக்காததால் முறுக்கு முழுவதும் தண்டுகளில் ஏறும்.

இரண்டாவது, தண்டின் வலிமை. தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால், ஒவ்வொரு ஆக்சில் தண்டுக்கும் வரும் அதிகபட்ச விசை 800 கிலோ. இப்போது பாறைப் பாதையில் இடது சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டதாகக் கொள்வோம். பின் அச்சின் 2,000 கிலோவும் வலது சக்கரத்தின்மேல் ஏறும். குணகம் 0.6 ஆனாலும், பூட்டிய அச்சில் அந்த ஒரு தண்டு 1,200 கிலோ தாங்க வேண்டும். 800 கிலோவை மனத்தில் வைத்துச் செய்த தண்டு முறிந்துபோகலாம். பூட்டுப் பொருத்துபவர்கள் தடித்த தண்டுகளையும் சேர்த்துப் போடுவது இதனால்தான்.

மூன்றாவது ஆபத்து பலரும் நினைத்துப் பார்க்காதது. உறைபனி படிந்த, பக்கவாட்டில் சரிந்த சாலையில் சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது உருளாமல் தரையைப் பற்றி நிற்கும். அச்சு பக்கவாட்டில் நழுவாது. பூட்டிய அச்சிலோ இரு சக்கரங்களும் ஒன்றாக வழுக்கும். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. வண்டியின் பின்பகுதி சரிவை நோக்கி நழுவிவிடும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும் மலைப்பாதையில் இது உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் வழி: இறுக்கிப் பிடிப்பது

நடுநூல் கட்டிய இடத்தில் அளவுகோலை இரண்டு விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டு இழுங்கள். அளவுகோல் சாயத்தான் செய்கிறது. ஆனால் விரல்களை எதிர்த்துக்கொண்டு சாய்கிறது. ‘வழுக்கல் குறைத்த டிஃபரன்ஷியல்’ இப்படிப்பட்டது. கூண்டுக்கும் பக்கச் சக்கரங்களுக்கும் இடையே உராய்வுத் தட்டுகளை அடுக்கி, வில்லால் அழுத்தி வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் வேகமாக ஓட முயன்றால் தட்டுகள் உராய்ந்து தடுக்கும். அந்தத் தடை மெதுவாக இருக்கும் சக்கரத்துக்குக் கூடுதல் விசையாகச் சேரும்.

தட்டுகளின் தடை 150 கிலோ என்றால், வலது சக்கரத்துக்கு 100 + 150 = 250. மொத்தம் 350 கிலோ. சமதளச் சேற்றிலிருந்து லாரி வெளியே வந்துவிடும். சரிவில் 600 வேண்டும், அங்கே தோல்விதான்.

1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இதே நோக்கமுள்ள அமைப்பு வேறொரு வடிவில் பயன்பட்டது. தட்டு வகை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க வண்டிகளில் பரவியது. இதில் ஓட்டுநர் எதையும் தட்ட வேண்டியதில்லை. ஆனால் தட்டுகள் நாளடைவில் தேயும்; அதற்கேற்ற எண்ணெய் ஊற்ற வேண்டும்; தேய்ந்த பின் அது மறுபடியும் சாதாரண டிஃபரன்ஷியலே.

மூன்றாம் வழி: புழுச் சக்கரங்கள்

இப்போது மூன்றாவது நூலை நடுவிலிருந்து அவிழ்த்து, இரட்டைப் பெட்டி இருக்கும் முனையிலிருந்து 7.5 செ.மீ. தூரத்தில் கட்டுங்கள். ஒற்றைப் பெட்டியின் முனைக்கு 22.5 செ.மீ. இருக்கும். இழுத்தால் இம்முறை இரட்டைப் பெட்டி நகர்கிறது! நெம்புகோல் விதிப்படி அதற்கு மூன்று மடங்கு விசை கிடைக்கிறது.

எந்தப் பக்கம் பிடிப்பு அதிகமோ அந்தப் பக்கம் இந்தக் கட்டு தானாகவே நகர்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? அதைச் செய்வதுதான் ‘டோர்சன்’ வகை. அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1958இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் உயிர், புழுப் பல்சக்கரம். கிட்டாரின் முறுக்காணியைப் பாருங்கள். ஆணியைத் திருகினால் தந்தி இறுகும். தந்தியை எவ்வளவு இழுத்தாலும் ஆணி திரும்பாது. அங்கே இருப்பதும் புழுச் சக்கரமே. டோர்சன் கூண்டுக்குள் இத்தகைய சக்கரங்கள் இரு பக்கங்களையும் இணைக்கின்றன. ஒரு சக்கரம் முந்தி ஓடப் பார்க்கும்போது பற்களுக்கிடையே எழும் உராய்வு அதைத் தடுத்து, விசையை மறுபக்கம் சேர்க்கிறது. எஞ்சின் எவ்வளவு பலமாகச் சுழற்றுகிறதோ அவ்வளவு பலமாகத் தடையும் எழும்.

விகிதம் 3 என்றால் இடது சக்கரத்துக்கு 100, வலது சக்கரத்துக்கு 300. மொத்தம் 400 கிலோ. பூட்டு வேண்டாம், தேய்ந்துபோகும் தட்டு வேண்டாம், வளைவில் தொல்லையும் இல்லை.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒற்றைப் பெட்டியை அவிழ்த்துவிட்டு இழுத்துப் பாருங்கள். அளவுகோல் சுற்றிக்கொள்கிறது, இரட்டைப் பெட்டி அசைவதில்லை. பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் டோர்சன் ஏறக்குறையக் கைவிட்டுவிடும்.

1980களில் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த ‘ஹம்வீ’ வண்டியில் முன், பின் இரு அச்சுகளிலும் டோர்சன் வகைதான். அதன் ஓட்டுநர்களுக்கு ஒரு தந்திரம் கற்றுத்தந்தார்கள்: சக்கரம் தொங்கினால், ஆக்சிலேட்டரை மிதித்தபடியே பிரேக்கையும் இலேசாக மிதிக்க வேண்டும். ஏன் தெரியுமா? தொங்கும் சக்கரத்தை பிரேக் 150 கிலோ அளவுக்குப் பிடித்தால், அது இப்போது பூஜ்யமல்ல, 150. மறுபக்கத்துக்கு 450 கிடைக்கும். அங்கேயும் பிரேக் 150ஐ விழுங்கும். மீதி 300 வண்டியைத் தள்ளும். சாதாரண டிஃபரன்ஷியலில் இதே தந்திரத்தைச் செய்தால் 150இல் 150 போய் மீதி ஒன்றுமில்லை.

இன்றைய பல வண்டிகளில் மின்னணுக் கருவி சுழலும் சக்கரத்தை மட்டும் தனியே பிரேக் பிடிக்கிறது. அப்போது சாதாரண டிஃபரன்ஷியலிலும் மறுபக்கத்துக்கு விசை கிடைக்கும். ஆனால் எஞ்சின் சக்தியின் பெரும்பகுதி பிரேக்கைச் சூடாக்குவதில் வீணாகும். சிறு பள்ளத்துக்கு இது போதும். மணிக்கணக்கில் சேற்றில் உழல இது போதாது.

தானே பூட்டிக்கொள்பவை

ஓட்டுநர் கைவைக்காமலேயே பூட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. 1973இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளில் இத்தகைய ஒன்று வந்தது. இரு சக்கரங்களின் வேகத்துக்கும் இடையே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபாடு வந்தால், உள்ளே சுழலும் சிறு எடைகள் மையவிலக்கு விசையால் வெளியே விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். உடனே தட்டுகள் நெருக்கப்பட்டு அச்சு பூட்டிக்கொள்ளும். வளைவில் இவ்வளவு வேறுபாடு வருவதில்லை. எனவே சாலையில் அது குறுக்கிடாது. நம் நாட்டில் 2020இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியின் பின் அச்சிலும் இயந்திர முறையில் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் வந்தது. குறை ஒன்று உண்டு: சக்கரம் சற்றுச் சுழன்ற பிறகே பூட்டு விழும். மென்மையான சேற்றில் அதற்குள் சக்கரம் குழி தோண்டிவிடக்கூடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

‘எது சிறந்தது?’ என்று கேட்பதைவிட, ‘என் வண்டி எந்தத் தரையில் ஓடப் போகிறது?’ என்று கேட்பதே சரி. நம் லாரியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்போம்.

சக்கரம் தரையை விட்டு எழும்புமா? ஆற்றுப் பாறைகளையும் ஆழமான பள்ளங்களையும் கடக்க வேண்டுமானால், ஆம். அங்கே பூட்டு ஒன்றுதான் கைகொடுக்கும். தொங்கும் சக்கரத்தோடு சாதாரண வகை தருவது 0, தட்டு வகை 150, டோர்சன் 0, பூட்டு 1,200.

சாலையிலும் நெடுந்தூரம் ஓடுமா? ஓடுமானால் நிரந்தரப் பூட்டு கூடாது. வேண்டும்போது பூட்டி வேண்டாதபோது திறக்கும் வகையாக இருக்க வேண்டும்.

பனியும் பக்கச் சரிவும் மிகுந்த இடமா? அப்படியானால் டோர்சன் போன்ற, மென்மையாக விசையைப் பகிரும் வகை பாதுகாப்பானது.

ஓட்டுநர் பழகியவரா? கையால் இயக்கும் பூட்டு, பயன்படுத்தத் தெரிந்தவரிடம்தான் பயன் தரும். சேற்றில் இறங்குவதற்கு முன்பே பூட்ட வேண்டும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டினால் பற்கள் உடையும். கெட்டியான தரைக்கு வந்ததும் திறக்க மறக்கக் கூடாது.

ஓர் அச்சுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் முன்னா, பின்னா? பெரும்பாலும் பின் அச்சே. மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. அங்கேதான் பிடிப்பு அதிகம். ஸ்டியரிங்கும் கனக்காது.

இரண்டு வகைகளை இணைக்கவும் முடியும். கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் கருங்கற்பாறைகள் நிறைந்த ரூபிகான் பாதையின் பெயரையே தாங்கி, 2003ஆம் ஆண்டு மாதிரியாக ஒரு ஜீப் வந்தது. அதன் முன், பின் இரு அச்சுகளிலும் ஓட்டுநர் இயக்கும் பூட்டு உண்டு. பின் அச்சில் பூட்டைத் திறந்திருக்கும்போதும் பல்சக்கரங்களால் விசையைப் பகிரும் அமைப்பும் உண்டு. சாலையில் ஒன்று, பாறையில் மற்றொன்று!

அரிசியும் மருந்தும் ஏற்றிய நம் லாரிக்கு என்ன வேண்டும்? அது தார்ச்சாலையில் பல மணி நேரம் ஓடும். பிறகு சேறு, சரிவு, ஒருவேளை பாறை. சரிவில் 600 கிலோ தேவைப்பட்டபோது பூட்டு மட்டுமே அதைக் கொடுத்தது. ஆகவே பின் அச்சில் ஓட்டுநர் இயக்கும் பூட்டு, அதோடு 1,200 கிலோவைத் தாங்கும் தடித்த தண்டுகள், அதோடு ஒரு நாள் பயிற்சி. இந்த மூன்றும் இருந்தால் மருந்து கிராமத்துக்குப் போய்ச் சேரும்.

சிந்தியுங்கள்

நம் லாரியின் இரு பின்சக்கரங்களும் சேற்றில் இறங்கிவிட்டன. இரு பக்கமும் குணகம் 0.1. இப்போது பூட்டுப் போட்டால் எவ்வளவு கூடுதல் விசை கிடைக்கும்?

விடை: ஒன்றும் கிடைக்காது. பூட்டாவிட்டாலும் 200, பூட்டினாலும் 200தான். எந்த டிஃபரன்ஷியலும் பிடிப்பை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிப்பை வீணாகாமல் எடுத்துத் தருகிறது. இரு பக்கமும் பிடிப்பு இல்லாத இடத்தில் டயரின் காற்றைக் குறைத்து அதைத் தரையில் பரந்து பதியச் செய்யலாம். சக்கரத்தின் கீழே கல்லும் பலகையும் போடலாம். அப்போது உதவிக்கு வருவது மண்வெட்டிதான். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர் எந்தப் பூட்டு இருந்தாலும் வண்டியில் ஒரு மண்வெட்டியை வைக்க மறப்பதில்லை.